மூன்றாம் ஓலை

பிரசங்கத்தின் நடுவில், கறுப்பு வேதாகம அட்டையின்மேல் மறுபடியும் சுண்ணாம்புப் பொடி விழுந்தது. தபீத்தாள் அதை ஊதவில்லை. போன ஞாயிறு முதலில் ஊதினாள், பிறகு முந்தானையால் துடைத்தாள், இன்று அப்படியே விட்டுவைத்தாள். பவுடர் டப்பாவை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளங்கையில் விழுமே, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு நேர் மேலே கடைசி வளைவு. அதன் உச்சியில் தொடங்கி, மேற்குச் சுவரும் தூணும் சேரும் மூலை வரை இறங்கி வருகிற ஒரு கோடு. கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒட்டடை. ஒட்டடை என்றுதான் அம்மாவும் நிமிராமலே சொன்னாள், கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கும்போது போய்விடும் என்றாள். அம்மா பக்கத்தில் முக்காடு சரியாமல் உட்கார்ந்து, ஐயர் சொல்கிற வசனத்துக்கெல்லாம் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். குருவானவரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். இன்னும் அரை மணி நேரத்தில் ஐயர் பிரசங்கத்தை முடிப்பார், காணிக்கைப் பாட்டு வரும், பிறகு அறிவிப்புகள். அறிவிப்புகளின் கடைசியில் கட்டடத்துக்கான மூன்றாம் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார். அப்போது எழுந்து நிற்க வேண்டும். நின்று, 'தடை உண்டு' என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல். ஆறு நாளாக அந்த இரண்டு சொல்லையும் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், பரீட்சைத் தாள் திருத்தும்போது சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள் அவை நன்றாகத்தான் இருந்தன. இன்று அவள் சொல்லாவிட்டால் நாளை காலை எட்டு மணிக்கு ஜேசிபி வந்து மேற்குச் சுவரை இடிக்கும். சுவர் போனால் வளைவு வரும். அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மற்ற ஊர்க் கோயில்களில் கல்யாணத்துக்குத்தான் ஓலை வாசிப்பார்கள், மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று. சாரோன்புரத்தில் கட்டடத்துக்கும் உண்டு. அட்கின்ஸ் அத்தியட்சர், அதாவது அந்தக் காலத்து பிஷப், பேராலயம் கட்ட வந்தபோது, இங்கே ஏற்கெனவே இருந்த மண்சுவர்க் கோயிலை ஒருவரிடமும் கேட்காமல் ஒரே நாளில் பிரித்துப்போட்டாராம். மறுநாள் பெண்கள் எல்லாரும் வந்து அந்த மண்ணில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதார்களாம். வெள்ளைக்காரர் ஆடிப்போய், இனி இந்த வளாகத்தில் ஒரு கல்லை எடுப்பதானாலும் வைப்பதானாலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் சபைக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். மணிக்கூண்டுக்கு ஓடு மாற்றியதற்கு, கழிப்பறை கட்டியதற்கு, மின்விசிறி மாட்டத் தூணில் துளை போட்டதற்கு, எல்லாவற்றுக்கும் ஓலை வாசித்தாயிற்று. பெரிய ஆட்கள்கூட அப்போது, 'கோயிலுக்கும் கொத்தனாருக்கும் கல்யாணம்' என்று காதுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். நூற்றுப் பத்து வருஷத்தில் ஒருவரும் எழுந்து நின்றதில்லை. ஓலைப் புத்தகத்தை அவள் முழுவதும் பார்த்திருக்கிறாள். தடை என்ற கட்டத்தில், இல்லை, இல்லை, இல்லை. மை மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, இல்லை மட்டும் மாறவில்லை.

அத்தியட்சர் வரைந்து வைத்தது என்னவோ ஏழு வளைவுக்கு. ஒரு பக்கத்துக்கு ஏழு, மேற்கே இரண்டு கோபுரம், நடுவில் யானை நுழைகிற மாதிரி ஒரு வாசல். அந்தப் படம் ஐயர் அங்கி மாட்டுகிற ஆடை அறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. சின்ன வயதில் அதைப் பரலோகத்தின் படம் என்று நினைத்திருந்தாள், இந்த ஊரில் இல்லாத கட்டடம் வேறு எங்கே இருக்கும். கிழக்கே பீடத்தில் ஆரம்பித்து மேற்கு நோக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று வளைவு எழும்பியது. நான்காவதற்குச் சாரம் கட்டும்போது அத்தியட்சர் காய்ச்சலில் இறந்துபோனார், பிறகு யுத்தம் வந்தது, பிறகு வருகிறவர்களெல்லாம் பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். மழைக்குத் திறந்து கிடந்த மேற்குப் பக்கத்தை அடைக்கச் செங்கல்லில் ஒரு சுவர் வைத்தார்கள், அந்த ஒரு மழைக்காலத்துக்கு மட்டும். சுவருக்கு வெளியே இரண்டு பக்கமும், அடுத்த கல்லைக் கோத்துக்கொள்வதற்காக ஒன்றுவிட்டு ஒன்று நீட்டி விட்டிருந்த கற்கள் அப்படியே பல் மாதிரி நின்றன. அதில் காக்கை உட்காரும், பையன்கள் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். பஸ் கண்டக்டருக்குச் சாரோன்புரம் என்றால் தெரியாது. மொட்டக்கோயில் எறங்கு, மொட்டக்கோயில் எறங்கு. கல்லூரியில் முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டபோது அவள் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னாள், மூன்று வருஷமும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒரு பொய்யைத் திருத்தவும் எழுந்து நின்று பேச வேண்டும். அவள் அப்படிப்பட்டவளாக இருந்ததே இல்லை. ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் முப்பது வசனமும் தெரிந்துகொண்டு, பெயரைக் கூப்பிட்டதும் எழாமலே உட்கார்ந்துவிட்டவள். அதற்காகக் கொடுத்த ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா, இப்போதும் வீட்டில் இருக்கிறது, அம்மா அதில் ஊசி நூல் வைத்திருக்கிறாள்.

தற்காலிகச் சுவர். அந்தச் சொல்லில்தான் அவள் மனம் வந்து வந்து மாட்டிக்கொண்டது, முள்வேலியில் தாவணி மாட்டுகிற மாதிரி, எடுத்துவிட்டு நடந்தால் இன்னொரு முள். சபையின் செயலாளர் சார்லஸ் பொன்னையா சார், பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவரே, ஆறு மாதத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு ஆலய வரலாறு எழுதச் சொன்னார். 'டீச்சர், ஒங்க கையெழுத்து நல்லா இருக்கு, நீங்க சரித்திரமும் படிச்சிருக்கீக.' பழைய நடவடிக்கைக் குறிப்புகளையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கரையான் தின்றது போக மிச்சமிருந்த எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருந்தது. முதல் குறிப்பில் ஒருவர் எழுதினார், தற்காலிகச் சுவர். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். அதற்கடுத்தவர் அதைப் பார்த்து. ஒருவரும் சுவரைப் பார்த்து எழுதவில்லை. அவளும்தான். கடைசி பெஞ்சில் அந்தச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் இருபத்து நாலு வருஷமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறவள், வீட்டு மேசையில் காகிதத்தைப் பார்த்துக் காகிதத்தில் எழுதினாள்: மேற்கே உள்ளது தற்காலிகச் சுவரே, ஆகையால் அதை அகற்றுவதில் சிரமமில்லை. 'ஆகையால்' என்பது அவளாகச் சேர்த்தது. வாக்கியம் அழகாக முடிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. அந்தப் புத்தகத்தைத்தான் பட்டணத்திலிருந்து வந்த இஞ்சினியரின் கையில் கொடுத்தார்கள். அவர் வந்த அன்று உள்ளே அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது, அதனால் வெளியிலேயே சுற்றிப் பார்த்தார், இளநீர் குடித்தார், புத்தகத்தை வாசித்துத் தலையாட்டினார், கிளம்பிப் போனார். அவர் தலையாட்டியது அவளுடைய 'ஆகையால்' என்ற சொல்லுக்கு.

முதல் ஓலை வாசித்த மறுநாளே சுவருக்கு வெளியே அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டிவிட்டார்கள். ஓலை முடியவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, கல்லைத்தானே தொடக் கூடாது, மண்ணைத் தொடலாம் என்று பொன்னையா சார் சிரித்தாராம். தேரி மண் செக்கச் சிவந்து குவிந்தது. சுவரின் அடி, பல் விழுந்த ஈறு மாதிரி, வெளியே தெரிந்தது. அடுத்த ஞாயிறுதான் முதல் பொடி. விழுந்தது பாட்டின்போது, ஆர்கனின் அடிக்கட்டை சுரம் எழும்பி பெஞ்சு அதிர்ந்தபோது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்ப்பது மட்டும் அவளுக்கு வரும். பேசாதவர்களுக்கு வேறென்ன வேலை. பள்ளிக்கூட வரிசையில் பின்னால் இருக்கிற பையன் தள்ளுவான், அவனுக்கு முன்னால் இருக்கிறவன் அடுத்தவனைத் தள்ளுவான், முதலில் நிற்கிற பையன் மட்டும் இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு நாளும் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதைப் பார்த்துக் கொண்டிருக்கிறவளுக்கு அந்த ஞாயிறு, பாட்டின் மூன்றாம் அடியில், விளங்கிவிட்டது. முதல் வளைவு இரண்டாவதைத் தள்ளுகிறது, இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவது நான்காவதைத் தள்ள வேண்டும். நான்காவது இல்லை. கோபுரம் இல்லை. இருப்பது அந்த ஒரு மழைக்கு வைத்த செங்கல் சுவர். நூறு வருஷமாக அதுதான் இரண்டு கையையும் ஊன்றி நிற்கிறது, அதன் பெயர் என்ன என்று அதற்குத் தெரியாது.

விளங்கினால் போதுமா. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, கடைசி பெஞ்சின் சாய்மானத்தில் ஏறி நின்று, மூலையில் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கணக்கு நோட்டுத் தாளில் ஒரு விரலளவு பட்டி வெட்டி மைதாப் பசையால் ஒட்டினாள். தேதியைப் பென்சிலால் எழுதினாள். காற்றில் கிழியும், பல்லி இழுக்கும், பசை காய்ந்தால் தானாகவே விரியும் என்று நாளைக்கு யாராவது சொல்வார்களே என்று, அதே தாளில் அதே பசையில் இன்னொன்றைப் பிரசங்க பீடத்துப் பக்கத் தூணில் ஒரு பழைய வெடிப்பின்மேல் ஒட்டினாள். புதன்கிழமை வந்து பார்த்தாள். பீடத்துப் பக்கம் இருந்தது இருந்தபடி இருந்தது. மூலையில் இருந்தது நடுவில் கிழிந்திருந்தது. இன்னொன்று ஒட்டினாள், அகலமாக. இன்று காலை முதல் மணி அடிக்கும் முன்பே வந்து பார்த்தபோது அதுவும் கிழிந்திருந்தது, கிழிந்த இரண்டு முனைக்கும் நடுவில் அவளுடைய சுண்டுவிரல் நகம் நுழைந்தது. நகத்தை எடுத்த பிறகும் வெகுநேரம் விரல் நுனி குளிர்ந்தே இருந்தது. முதலாவது கிழிந்த அன்றே அவள் பொன்னையா சாரிடம் போனாள், போகாமல் இல்லை. அலுவலக அறையில் நின்று, பாதி முழுங்கி, பாதி சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். 'டீச்சர், நீங்க புள்ளையளுக்குப் பானிபட்டுப் போரச் சொல்லிக் குடுங்க. கோயில இஞ்சினியர் பாத்துக்கிடுவாரு' என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவருடைய தாத்தா அந்தக் கோபுரம் எழும்பும் என்று சொல்லிச் செத்தார், அப்பா சொல்லிச் செத்தார், தானும் சொல்லிக்கொண்டே சாக வேண்டுமா என்று கேட்டார். கிளம்பும்போது, 'ஒங்க நிரந்தரப் பணி ஆர்டர் ஜூன்ல வரும், நான் எழுதிட்டேன்' என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். மூன்று வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. அன்பாகச் சொன்னதால் அது இன்னும் கனமாகத் தொங்கியது. இன்று எழுந்து நின்றால் அவர் முகத்தில் அந்த அன்பு எப்படி மாறும் என்று நினைத்தாள், மாறட்டும் என்று நினைத்தாள், மாறாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் நினைத்தாள்.

அம்மா இன்னொரு கனம். மேற்கு வாசல் இல்லாததால் சாரோன்புரத்து மணப்பெண்கள் எல்லாரும் தெற்குப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள், குனிந்து, செருப்புக் குவியலைத் தாண்டி. அம்மாவும் அப்படித்தான் வந்தாள், நிலையில் தலை இடித்து முடியில் வைத்திருந்த பூ கோணிப்போன கதையை இப்போதும் சொல்வாள். போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு சித்தப்பாக்காரர், மொட்டைக் கோயிலில் கல்யாணம் வைத்தால் கல்யாணமும் பாதியில் நின்றுவிடாதா என்று காபியை ஊதிக்கொண்டே கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள், டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பெரிய வாசல் ஒரு நேர்த்திக்கடன். என் மகள் யானை வாசலில் நடந்து வருவாள். இந்தத் திட்டம் வந்தபோது ஊரில் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அம்மாதான். அவளிடம் காகிதப் பட்டியைப் பற்றிச் சொன்னதற்கு, 'ஏட்டி, ஒனக்குக் கல்யாணமே வேண்டாம்னு நேராச் சொல்லிரு, அதுக்கு ஏன் கோயிலப் பழி சொல்லுத' என்றாள். அப்படியும் இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். இல்லை. அப்படியே இருந்தாலும் தாள் கிழிந்தது கிழிந்ததுதான். தாளுக்கு அவளுடைய கல்யாணத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். இது மட்டும் வழுக்கவில்லை.

காணிக்கைப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். ஆர்கன் அடிக்கட்டைக்கு இறங்கியது, பொடி விழுந்தது, இந்த முறை அவளுடைய முன்கையில். பாட்டு முடிந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு உட்காரவே பிடிக்கவில்லை, ஒருமுறை உட்கார்ந்தால் மறுபடி எழ வேண்டுமே. ஐயர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். பெண்கள் ஐக்கியக் கூட்டம் வியாழக்கிழமை. இரத்ததான முகாம். கல்யாண ஓலை ஒன்று, இரண்டாம் முறை, தடை இல்லை. முன்வரிசையில் பொன்னையா சாரின் வழுக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதிர்பார்த்து நின்றது. பிறகு ஐயர் அந்தப் பெரிய புத்தகத்தைத் திறந்தார். மேற்குத் தற்காலிகச் சுவரை அகற்றி முகப்பும் கோபுரங்களும் எழுப்புவதற்கு மூன்றாவதும் கடைசியுமான ஓலை. இதற்குத் தடை உண்டென்று சபையில் எவராவது அறிந்தால் இப்பொழுதே எழுந்து நின்று சொல்லலாம். சொல்லிவிட்டு ஐயர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பரமண்டல ஜெபம் தொடங்கிவிட்டது. தபீத்தாளும் கூடவே உள்ளுக்குள் சொன்னாள், எவ்வளவு நேரம் மிச்சம் என்று தெரிவதற்காக. பரமண்டலம் தாண்டியது. ஜேசிபிக்காரன் பெயர் என்னவாக இருக்கும், காலையில் எட்டு மணிக்கு அவன் டீ குடித்திருப்பானா. நாளைக்கு இங்கே யாரும் இருக்க மாட்டார்கள், ஜேசிபிக்காரன் மட்டும். அவன் மட்டும் என்றால் பரவாயில்லையா. ராஜ்யம் தாண்டியது. முழங்கால் இருக்கிற இடமே தெரியவில்லை. அப்பத்தைக் கேட்கிற இடம். அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள், முந்தானையை யாரோ பிடித்திருந்தார்கள். அம்மா. திரும்பிப் பார்க்காமல், வேதாகமத்தின்மேல் கண்ணை வைத்துக்கொண்டே, முந்தானையின் நுனியை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். 'இரிட்டி, எந்திக்காத' என்றாள், மூச்சாக. மன்னிப்பைக் கேட்கிற இடம். ஒருவரும் எழுந்து நிற்காத நூற்றுப் பத்து வருஷம் அவளுடைய இரண்டு தோளிலும் கையை வைத்து அழுத்தியது. ஒரு சொல்லைப் பார்த்து எழுதியவர்களின் வரிசையில் கடைசி ஆள் நான். வரிசையில் கடைசி ஆள் யாரைத் தள்ளுவது. சோதனை தாண்டியது, தீமை தாண்டியது. ஐயர் கண்ணைத் திறந்து, கையிலிருந்த பேனாவை ஒன்றும் எழுதாமலே மூடினார். மூடுகிற சத்தம் கேட்டது. மூடினார் என்றால் அதற்கு முன்பே எழுதிவிட்டார். ஓலை வாசிக்கும் முன்பே, வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இல்லை என்று. அந்தச் சத்தத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று, பயமே அல்ல, சுத்தமான கோபம், முழங்காலைக் கண்டுபிடித்தது.

முந்தானை அம்மாவின் விரலிலேயே இருக்க அவள் எழுந்து நின்றாள். 'தடை உண்டு.' யாருக்கும் கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தம் தின்றுவிட்டது. 'தடை உண்டு' என்றாள் மறுபடியும். தலைகள் திரும்பின. ஆண்கள் பக்கம் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், இந்த இடத்தில் அவர் சொல்ல வேண்டிய வாசகம் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. பொன்னையா சார் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். அவள் ஆறு நாளாகத் தயார் செய்து வைத்திருந்த நான்கு வாக்கியங்கள், தள்ளும் விசை, மூன்றாவது வளைவு, காகிதப் பட்டி, ஒன்றுகூட வரவில்லை. வந்தது எதிரே இருந்தவர்களின் முகம்தான். வளைவுக்குக் கீழே நான்கு பெஞ்சு, கைக்குழந்தையோடு ஜான்சி அக்கா, முதுகு வளைந்த இரண்டு பெரியம்மாக்கள், அவளுடைய ஏழாம் வகுப்பில் எட்டுப் பேர். அவளுக்குத் தெரிந்த ஒரே குரல் தானாக வந்தது, நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் வருகிற குரல், அது ஒருநாளும் நடுங்கினதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. 'கடைசி நாலு பெஞ்சு, எல்லாரும் எந்திரிச்சு முன்னால வாங்க. ஓடக் கூடாது. ஒவ்வொரு பெஞ்சா.'

ஏழாம் வகுப்பு எட்டுப் பேரும் பழக்கத்தில் எழுந்துவிட்டார்கள், எழுந்து, பெரியவர்கள் யாரும் அசையாததைப் பார்த்து நடுவில் நின்றார்கள். அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து மேலே பார்த்தாள். பிறகு மகளுடைய வேதாகமத்தின் அட்டையில் விரலை வைத்து இழுத்தாள், விரலைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டாள். 'எந்திட்டி ஜான்சி, புள்ளையத் தா இங்க' என்றாள் பக்கத்தில் பார்த்து, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பீடத்தை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஜான்சி, பிறகு பெரியம்மாக்கள், பிறகு பெஞ்சு பெஞ்சாக எல்லாரும். பொன்னையா சார் அவர்களுக்கு எதிராகப் பின்பக்கம் நடந்து வந்தார். வந்து, செருப்பில்லாத காலோடு பெஞ்சில் ஏறி, மூலையைப் பார்த்தார். கட்டைவிரலால் தாளின் கிழிந்த முனையைத் தொட்டார். நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். அவருடைய நகம் பெரியது, அதுவும் நுழைந்தது. 'ஒட்டுனது எப்ப?' என்றார். புதன்கிழமை என்றாள். 'இது ஒண்ணுதானா?' பீடத்துப் பக்கத் தூணில் ஒன்று ஒட்டியது கிழியவில்லை, முதலாவது ஒட்டியது புதன்கிழமையே கிழிந்துவிட்டது என்றாள். அவர் திரும்பி மேற்குச் சுவரைப் பார்த்தார், கோபுரம் எழும்பும் என்று தாத்தாவும் அப்பாவும் சொல்லிவிட்டுச் செத்த இடத்தை. ஜூன் மாதத்துப் பணி ஆர்டர் தபீத்தாளின் மனதில் ஒருமுறை வந்து, நிற்காமல் போனது. அவர் பெஞ்சிலிருந்து இறங்கினார், திரும்பாமலேயே குரல் கொடுத்தார்.

'எழுதிக்கிடுங்க ஐயா. தடை உண்டு.'

ஐயர் பேனாவைத் திறந்தார். முன்பே எழுதியிருந்ததை அடிக்கிற சத்தம், கர்ரென்று ஒரே இழுப்பு, கோயில் முழுக்கக் கேட்டது. கடைசி நான்கு பெஞ்சும் காலியாக இருந்தன. பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, தபீத்தாள் வேதாகமத்தை எடுத்தாள். மேலே மிச்சமிருந்த பொடி சிந்திவிடாதபடி அதைத் தட்டு ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு, மூன்றாவது வளைவைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, முன்னால் நடந்தாள்.